மாடியை விட்டு இறங்காத மாமனார்

புயல் எங்கள் திண்டுக்கல்லுக்கு வராது என்பது என் கணவரின் அசைக்க முடியாத நம்பிக்கை. புயல் கடற்கரைக்காரர்களுக்கு, நமக்கு மழை மட்டும்தான். குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக்கொண்டே வாழ்கிற ஆளுக்கு வேறென்ன தோன்றும்? போனில் எச்சரிக்கை வந்த அன்று காலை, வீட்டில் கிடந்த காலி டிரம்களை எல்லாம் மொட்டை மாடியில் ஏற்றி, மழைநீர் பிடிக்க வரிசையாக நிறுத்திவிட்டார்.

"காத்துல டிரம்மு பறந்து எவன் மண்டையிலயாச்சும் விழப்போகுதுங்க. மொதல்ல மாமாவைக் கீழ இறக்குங்க" என்றேன்.

"இங்கனயெல்லாம் காத்து வராது. சிறுமலை மறிச்சிரும். வேணும்னா நீ சொல்லு, அவரு எறங்கி வரட்டும்."

எட்டு மாதமாக இதே கதைதான். பங்குனியில் குலசாமி கோயிலில் கிடாய்க்கறியைப் பங்கு வைத்ததில் அப்பாவுக்கும் மகனுக்கும் வாய்த்தகராறு. அன்றே மாமனார் மாடியிலுள்ள தகரக் கொட்டகைக்குக் குடிபோய்விட்டார். முழங்கால் தேய்ந்த மனிதர், தனியாகப் படி இறங்க முடியாது. அன்றிலிருந்து இருவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. எல்லாவற்றுக்கும் நடுவில் நான்தான்.

குடங்களை நிரப்பினேன். மெழுகுவத்தி வாங்கினேன். கொக்கி உடைந்த ஜன்னலைக் கயிறு போட்டுக் கட்டினேன். பிள்ளைகளின் சர்டிபிகேட்டுகளைப் பாலிதீன் பையில் சுற்றி பீரோவுக்குள் வைத்தேன். ஒவ்வொரு வேலைக்கும் இடையில் மாடியேறி மாமாவைக் கூப்பிட்டேன்.

"நான் பாக்காத காத்தா? போ தாயி" என்றார், ஒவ்வொரு தடவையும்.

மூன்று மணிக்குக் காற்று வந்தேவிட்டது. சிறுமலை ஒன்றையும் மறிக்கவில்லை. ஒரு டிரம் கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருவில் விழ, கணவர் அதன் பின்னால் ஓடினார். நான் மாடிக்கு ஓடினேன். கொட்டகைக் கூரையின் ஒரு ஓரம் ஆணி பிடுங்கிக்கொண்டு படபடவென்று அடித்தது. மாமனார் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மாமா, கெஞ்சிக் கேக்குறேன், வாங்க."

"காலையிலருந்து நீதான் கூப்பிடுறே தாயி. அவன் ஒரு வார்த்தை கூப்பிடலையே."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. படியின் உச்சியில் நின்று கத்தினேன். "நீங்க வந்து கூப்பிடணுமாம்! கூரை பிச்சுக்கிட்டுப் போகுது, இன்னும் என்னங்க வீராப்பு?"

கணவர் நனைந்தபடி வந்து கொட்டகை வாசலில் நின்றார். பிறகு கட்டிலருகே போய், அப்பாவுக்கு முதுகைக் காட்டிக் குந்தினார். மாமனார் மறுபேச்சில்லாமல் மகனின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

நான் பின்னாலேயே போனேன். இரண்டு படி இறங்கியதும் மாமனார் சொன்னார். "பாத்துடா, வழுக்கும்."

"தெரியும்ப்பா."

அதற்குள் தகரம் கிழிந்து பறக்கும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இதைக் காலையிலேயே பேசியிருந்தால் என்ன கேடு என்று, அந்தப் படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.