மேல் வீட்டு அந்துப்பூச்சிகள்

மந்தைவெளியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டில், காலையில் தேநீருக்குச் சீனி எடுக்கக் குசினி அலுமாரியைத் திறந்தால் ஒரு பூச்சி வெளியே வரும். சாம்பல் நிறம், அரிசிமணி அளவு உடம்பு. என்னைக் கண்டு அவசரப்படாது. தட்டாமல் கதவைத் திறந்தவன் நான்தான் என்பதுபோல மெல்லப் பறந்து சுவரில் உட்காரும். அடுத்த நாள் இரண்டு வந்தன. அதற்கடுத்த வாரம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு வருடமாகிறது. பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறேன். பகல் முழுக்க இந்த ஊர்க்காரர்களின் தமிழில் பிழை பிடிப்பது என் தொழில். மாலையில் கடைக்குப் போனால் என் தமிழ் அவர்களுக்கு விளங்காது. மளிகைக் கடை அம்மாவிடம், “மாவுக்குள்ளை பூச்சி, செட்டையோடை பறக்குது, ஏதும் மருந்து இருக்கோ?” என்று கேட்டேன். “இன்னா சார், சேட்டையா? அப்ப எலிதான்” என்று ஒரு பசை அட்டையைத் தந்தார். செட்டை என்றால் சிறகு என்று விளக்குவதற்குள் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். வாங்கி வந்து அலுமாரிக்குக் கீழே வைத்தேன். அதில் அகப்பட்டது என் இடது கால் செருப்பு மட்டும்.

அதற்குள் பூச்சிகள் கீழ் வீட்டுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. அங்கே வீட்டுக்காரர் ஃபிலோமினா டீச்சர் தனியாக இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். நாங்கள் வீடு தேடி அலைந்த நாள்களில், சிலோன்காரர் என்றதும் போலீஸ் பதிவு, தொந்தரவு என்று எல்லாரும் கதவைச் சாத்த, அவர் ஒருவர்தான் “தண்ணி மோட்டாரை மறக்காம ஆஃப் பண்ணுவீங்களா?” என்று மட்டும் கேட்டுச் சாவியைத் தந்தவர். அந்த டீச்சர் ஒரு காலை படியேறி வந்தார்.

“தம்பி, என் காபில ஒண்ணு மிதக்குது. இத்தன வருஷமா இந்த வீட்ல பூச்சின்னு ஒண்ண பாத்ததில்ல. உங்க ஊர்லருந்து ஏதோ மாவு வந்துச்சே, அத கொஞ்சம் பாருங்க.” திரும்பும்போது சுவரைப் பார்த்துச் சொன்னார்: “அக்ரிமென்ட் வேற அடுத்த மாசம் முடியுது.”

ஊர் மாவு என்றது அம்மா பருத்தித்துறையிலிருந்து கொடுத்தனுப்பிய ஒடியல் மா. பனங்கிழங்கை உலர்த்தி இடித்தது. அம்மாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியபின், இனி இடிக்க ஏலாது என்று சொல்லி அனுப்பிய மா. என் மனைவி வாசுகி, “கொட்டிவிடுவம். வீடு போனா வேறை வீடு கிடைக்காது” என்றாள். அவள் சொன்னது சரி. நான் மா சலிக்கும் அரிதட்டை எடுத்தேன்.

போரில் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த காலத்தில் அம்மா மா அரிப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்போது மாவில் பூச்சி இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. மா இருக்கிறதா என்றுதான் பார்ப்போம். புழுவை விரலால் எடுத்து வெளியே போட்டுவிட்டுப் பிட்டு அவிப்பார். அதைத் தின்றுதான் வளர்ந்தேன். இப்போது காபியில் விழுந்த ஒரு பூச்சிக்காகப் பயந்து அரித்தேன். முழுதும் அரித்தும் ஒன்றும் அகப்படவில்லை.

“இஞ்சை பாருங்கோ” என்று வாசுகி சுவரைக் காட்டினாள். நூல்போல ஒரு புழு ஊர்ந்துகொண்டிருந்தது. அது வந்த வழியே கண்ணை ஓட்டினால், கூரையோரமாக லாஃப்டில் போய் முடிந்தது. அங்கே இருந்தது டீச்சரின் பெரிய டின். குடிவந்த அன்றே, அது தன் சாமான், தொடவேண்டாம் என்று சொல்லியிருந்தார். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். சொல்லவேண்டிய வசனத்தை இலக்கணப் பிழையில்லாமல் மனத்துக்குள் அமைத்துக்கொண்டே கீழே போய் அவரை அழைத்து வந்தேன்.

டின்னை இறக்கி மூடியைத் திறந்ததும் பூச்சிகள் முகத்துக்கு நேரே கிளம்பின. உள்ளே மா கட்டிகட்டியாய் நூலாம்படை பிடித்திருந்தது. டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“சத்து மாவு தம்பி. மக மாசமா இருந்தப்ப அரைச்சேன். ஆஸ்திரேலியால மாவெல்லாம் உள்ள விடமாட்டாங்க, கொண்டுவராதேம்மான்னுட்டா. கொட்ட மனசு வரல. கண்ணுல படாம இருக்கட்டும்னு மேல வச்சேன்.” மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பேரன் இப்ப ஸ்கூல் போறான்.”

நான் அமைத்து வைத்திருந்த வசனம் எதற்கும் உதவவில்லை. “தேத்தண்ணி குடிக்கிறியளோ டீச்சர்?” என்று வாசுகிதான் கேட்டாள்.

டின்னைக் குப்பைத்தொட்டிவரை அவரே தூக்கிக்கொண்டு போனார்; எங்களைத் தொட விடவில்லை. பிறகு மூவருமாக அலுமாரியை வெந்நீரால் துடைத்து, இடுக்குகளைச் சுரண்டி, சாமான்களை இறுக்கமான போத்தல்களில் அடைத்தோம். அடுத்த மாதம் அவரே புது ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தார்.

அலுமாரி துடைத்த அன்று ஒடியல் மாவை மட்டும் டீச்சர் கையில் எடுத்து மோந்து பார்த்தார். “இத ஃப்ரீசர்ல வைங்க. முட்டை கிட்டை இருந்தாலும் செத்துடும்.” எங்கள் குளிர்ப்பெட்டியின் ஃப்ரீசர் எப்போதோ பழுதாகிவிட்டது. “அப்ப என்கிட்ட குடுங்க. இத வச்சு என்னா பண்ணுவீங்க?”

“கூழ். நண்டு, றால் எல்லாம் போட்டு.”

“அப்ப எனக்கும் கொஞ்சம் வைங்க.”

இரண்டு மாதமாகப் பூச்சி இல்லை. தொலைபேசியில் அம்மா, “மா பழுதாகேல்லையே? எங்கை வைச்சிருக்கிறாய்?” என்று கேட்டார். வீட்டில்தான் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில், அம்மா இடித்த மாவை வாங்க, கிண்ணத்துடன் படியிறங்கி, கீழ் வீட்டு மணியை அடித்துவிட்டு வாசலில் நிற்கிறேன். டீச்சர் கதவைத் திறந்து, “எவ்ளோ வேணும் தம்பி?” என்பார். ஒரு சுண்டு என்று எங்கள் ஊர் அளவு நாக்குவரை வரும். ரெண்டு டம்ளர் என்று சொல்வேன்.