மண்டை டாக்டர் குடித்த தண்ணீர்

நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் கோப்பை ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. கைப்பிடிக்குக் கீழே எனாமல் உதிர்ந்து கறுத்துவிட்டது. அதை எறிந்துவிட்டு வேறு வாங்கலாம் என்று என் கணவர் பல முறை சொல்லிவிட்டார். தினமும் காலையில் அதில் தண்ணீர் ஊற்றி மகளிடம் கொடுக்கிறேன். அவள் குடித்து முடிக்கும்வரை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வெறும் வயிற்றில் தண்ணீர் குடிப்பது நல்லதென்று அம்மா சொல்கிறார் என அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள். அப்படியே இருக்கட்டும். அந்தக் கோப்பையில் முதன்முதலில் அப்படிக் குடித்துப் பார்த்தவர், மருந்து கொடுக்காத ஒரு மிருக வைத்தியர்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப் பக்கத்து அரசாங்க ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. இறந்த மிருகங்களை அறுத்து, எதனால் இறந்தன என்று பார்ப்பது அவருடைய தொழில். நரி, கீரி, மரநாய் போன்ற காட்டு மிருகங்களிடமிருந்து வெறிநோய் தோட்டத்து நாய்களுக்கும் மாடுகளுக்கும் எந்த வழியாக வருகிறது என்று அந்த வருடங்களில் ஆராய்ந்துகொண்டிருந்தார். எங்கள் தோட்டம் டயகமவுக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை. தோட்ட வேலை முடிந்த ஒரு பின்னேரம் பள்ளிக்கூடத்தில் ஆட்களைக் கூட்டி, காட்டு மிருகம் எது செத்துக் கிடந்தாலும் கையால் தொடாமல் தகவல் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். நோயின் அடையாளம் மூளையில் இருப்பதால் தலை மட்டும் தனக்குப் போதும் என்றார். பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர், "நம்ம கண்டாக்கையா மண்டைய அனுப்பலாங்களா?" என்று தோட்ட மேற்பார்வையாளரைச் சொல்லிக் கேட்டார். "அத அனுப்பி என்னா செய்ய, உள்ளுக்க ஒண்ணும் இருக்காதே," என்றாள் கொழுந்துக்காரி ஒருத்தி. கூரைத் தகரம் அதிரச் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். "இல்லாட்டிலும் பரவாயில்லை, இல்லையெண்டு எழுதி அனுப்புறன்," என்றார். அன்றிலிருந்து அவர் மண்டை டாக்டர்.

கூட்டம் முடிந்து எங்கள் குவாட்டர்ஸுக்கு வந்தவர், தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்டதற்கு, முதலில் தண்ணீர் தரச் சொன்னார். எனாமல் கோப்பையில் கொடுத்தேன். ஒவ்வொரு மிடறாக, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். கடைசி மிடறு இறங்கிய பிறகுதான் கண்ணைத் திறந்தார். மலைத் தண்ணீரின் ருசியை அனுபவிக்கிறார் என்று நினைத்தேன். அப்போது என் மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள். எனக்கு அவளைப் பற்றிய பயம் எப்போதும் உண்டு. சளி பிடித்தால் பயம், பிடிக்காவிட்டால் ஏன் இன்னும் பிடிக்கவில்லை என்று பயம். பாலைப் பொங்கவைத்து, ஆறவைத்து, மறுபடியும் பொங்கவைத்துத்தான் கொடுப்பேன்.

அந்தப் பாலை எங்களுக்கு ஊற்றியவர் கீழ் லயத்து வரிசை வீடொன்றில் இருந்த மாட்டுக்காரர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். தோட்ட வேலை போக, ஒரு செவலைப் பசு வைத்திருந்தார். தன் துண்டு நிலத்தில் விளையும் உருளைக்கிழங்கில் சின்னதையும் வெட்டுப்பட்டதையும் அதற்குத்தான் போடுவார். மழைக்கு முந்திய நாட்களில் அந்தப் பசு தின்னாமல் நின்றது. வாயில் நூல் நூலாக எச்சில் வடிந்தது. அடைத்த குரலில் கத்திக்கொண்டே இருந்தது. "கெழங்கு தொண்டையில சிக்கிக்கிச்சு டீச்சரம்மா," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய், வாயைப் பிளந்து முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். கிழங்கு இல்லை. பல் பட்டுக் கை முழுக்கச் சிராய்ப்பு. கிழங்கு போடுகிற வீட்டில் மாடு விழுங்க முடியாமல் நின்றால் யாரும் அப்படித்தான் செய்வார்கள். இதற்குமுன் இரண்டொரு தடவை அப்படிச் செய்து மாட்டைக் காப்பாற்றியவர்தான் அவர்.

பசு செத்ததும் என் கணவர் தோட்ட ஆபீசிலிருந்து டெலிபோனில் டாக்டருக்குத் தகவல் சொன்னார். டாக்டர் வந்தார். வரும் வழியில் தலவாக்கலை மீன்கடைக்கார நானாவிடம் ஐஸ் கட்டி வாங்கி, மரத்தூள் போட்ட பெட்டியில் கொண்டு வந்திருந்தார். தொழுவத்துக்குப் பின்னால் வேலையை முடித்துவிட்டு வந்து, சவர்க்காரம் போட்டு நெடுநேரம் கை கழுவினார். கழுவிக்கொண்டே கேட்டார்.

"இதின்ர வாயிலை கை வைச்சது ஆர்?"

"நாந்தாங்க," என்றார் அண்ணன். கையைக் காட்டச் சொல்லிப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

"காய்ச்சாத பால் ஆரும் குடிச்சவையோ?"

ஒருவரும் இல்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார். "நம்ம பாப்பா நுரைப்பால் குடிச்சிச்சுங்களே டீச்சரம்மா," என்றார் மெதுவாக.

ஆமாம். பசு நோயில் விழுவதற்குச் சில நாட்களுக்கு முன் தொழுவத்துப் பக்கம் போயிருந்தோம். கறந்த சூட்டோடு நுரை பொங்கிய பாலைத் தன் தேங்காய்ச் சிரட்டையில் எடுத்து அவள் வாயில் வைத்தார் அண்ணன். பிள்ளைக்கு நல்லது என்று எல்லோரும் கொடுப்பதுதான். அவள் மேலுதட்டில் வெள்ளை மீசை. நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

முடிவு வந்தபோது டாக்டர் அதைக் கடிதத்தில் எழுதாமல் நேரிலேயே வந்து சொன்னார். பசுவுக்கு வெறிநோய்தான். மூளையை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்ததில் சந்தேகமில்லாமல் தெரிந்ததாம். பிள்ளையைப் பற்றிக் கேட்டேன்.

"காய்ச்சின பாலெண்டால் பயமில்லை. பச்சைப் பால்... அப்பிடி ஒருத்தருக்கு வந்ததாக நான் கேள்விப்படேல்லை. ஆனால் வராது எண்டு சொல்லவும் என்னாலை ஏலாது டீச்சர்."

"அப்ப ஊசி போட்டுறவாங்க?"

"அந்த ஊசியாலையும் சிலருக்குக் கை கால் விளங்காமல் போறதுண்டு. சின்னப் பிள்ளை." தன் விரலைப் பார்த்துக்கொண்டார். "செத்த பிறகு ஏன் செத்தது எண்டு சொல்லுறதுதான் என்ர வேலை. இது எனக்குத் தெரியாத இடம்."

"உங்க புள்ளையா இருந்தா என்னாங்க செய்வீங்க?"

"அதைக் கேக்காதேங்கோ."

ஆஸ்பத்திரி டாக்டரும் அதையே வேறு விதமாகச் சொன்னார். கடியில்லை, கீறலில்லை, வேண்டாம் என்பது அவர் எண்ணம். ஆனால் நாங்கள் வேண்டுமென்றால் போடுவார். வாங்குப் பலகையில் எங்களுக்குப் பக்கத்தில் அண்ணன் சட்டையைத் தூக்கிக்கொண்டு தன் முறைக்காக உட்கார்ந்திருந்தார். வயிற்றில் போடும் ஊசி. "பெரியவங்களே வேணாங்கிறாங்க, நம்ம என்னாத்த கண்டோம்," என்றார் என் கணவர். போடாமல் வந்துவிட்டோம். மகள் என் மடியில் தூங்கினாள். டயகம வரும்வரை பஸ் திரும்பிய ஒவ்வொரு வளைவிலும் இறங்கித் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். ஒரு வளைவிலும் இறங்கவில்லை. அன்று செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊசி போட்டிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

அண்ணன் எல்லா ஊசியையும் போட்டு முடித்தார். மழையில் பஸ் வராத நாளில் நடந்தே போனார். வயிறு முழுக்கக் கட்டி கட்டியாக வீங்கியிருந்தது. "இனி நாய் என்னைய கடிச்சிச்சின்னா நாய்க்குத்தான் ஊசி போடணும்," என்று சொல்லி எங்கள் வாசலில் நின்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு நானும் கொஞ்ச நாள் நிம்மதியாகத் தூங்கினேன். மழைக்காலம் முடிந்து வெயில் வந்த பிறகு ஒரு நாள், கை விறுவிறுவென்று இருக்கிறது என்றார். அடுத்த நாள் மனைவி கொடுத்த தேத்தண்ணியை அவரால் வாயருகே கொண்டு போக முடியவில்லை. நான் பார்க்கப் போனபோது, "தாகமா இருக்கு டீச்சரம்மா. தண்ணிய பாத்தாத்தான் நெஞ்சு அடைக்குது," என்றார். என் மகளைக் கூட்டிவரவில்லையா என்று கேட்டார். வரும்போது அவளை வீட்டில் பூட்டிவைத்துவிட்டு வந்திருந்தேன்.

தகவல் கேட்டு டாக்டர் வந்தார். லயத்துக் காம்பராவுக்குள் போய் அண்ணனின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் வெளியே வந்தபோது சனங்கள் ஏதோ சொல்லப்போகிறார் என்று வழிவிட்டு நின்றார்கள். அவர் அந்த வழியே நடந்து போனார். யாரும் அவரை மண்டை டாக்டர் என்று சொல்லவில்லை. மறுநாள் விடியும்போது அண்ணன் போய்விட்டார்.

"நான் சொன்ன எல்லாத்தையும் அவர் செய்தவர் டீச்சர்," என்றார் டாக்டர் அன்று எங்கள் வீட்டில். சற்றுப் பொறுத்து மறுபடியும் அதையே சொன்னார். பிறகு தண்ணீர் கேட்டார். அதே கோப்பையில் கொடுத்தேன். அதே போல மிடறு மிடறாகக் குடித்தார். ருசி பார்க்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இடது கைச் சுட்டுவிரலைக் காட்டினார். குறுக்கே வெள்ளைத் தழும்பு. ஒரு நரியின் தலையை அறுக்கும்போது கத்தி வழுக்கிய காயம். அவரும் எல்லா ஊசியும் போட்டவர்தான்.

"காலமை எழும்பின உடனை ஒரு கோப்பை தண்ணி குடிச்சுப் பாப்பன். இறங்கினால் அண்டைக்கு வேலைக்குப் போவன். எனக்கு நான் செய்யக்கூடிய சோதனை அதுதான்."

எத்தனை நாள் அப்படிப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். பெரும்பாலும் சில மாதங்களில் தெரிந்துவிடும் என்றார். வருடக்கணக்கும் ஆகலாம் என்று புத்தகத்தில் இருப்பதையும் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

பிறகு அவருக்கு மாற்றலாகிவிட்டது. கடைசியாக அவரைத் தலவாக்கலை ஸ்டேசனில் கண்டேன். நான் இந்தப் பக்க மேடையில் மகளோடு நின்றேன். அவர் அந்தப் பக்கம் புறப்படவிருந்த ரயிலின் ஜன்னலோரம் இருந்தார். என்னைக் கண்டதும் அவர் பார்வை முதலில் போனது மகளிடம்தான். அவள் சோடாப் போத்தலைச் சாய்த்துக் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரயில் நகர்ந்தபோது ஜன்னல் வழியே கையை நீட்டினார். அது விடைபெறுவதற்கா, வேறெதற்கா என்று தெரியவில்லை. இப்போது எங்கே இருக்கிறாரோ. கடிதம் போடலாம். அதில் நான் கேட்க நினைப்பது ஒன்றுதான், தண்ணீர் இன்னும் இறங்குகிறதா என்று. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மகள் இப்போது வாசிக்கவும் எழுதவும் செய்கிறாள். அவளுக்கு ஒரு தம்பி பிறந்து தவழுகிறான். செவலைப் பசுவையோ அண்ணனையோ அவளுக்கு நினைவில்லை. இன்று காலை அடுப்படியில் இருந்தபோது பின்னால் சத்தமே இல்லாததால் திரும்பிப் பார்த்தேன். அவள் தம்பியைச் சுவரோரம் உட்காரவைத்து, அந்தக் கோப்பையை அவன் வாயில் பிடித்துக்கொண்டிருந்தாள். பாதித் தண்ணீர் அவன் சட்டையில். அவள் முகத்தைத் தாழ்த்தி அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் இமைக்காமல்.

"எறங்கிருச்சும்மா," என்றாள் என்னிடம்.