கிடங்கு திரும்பி வரும்வரை

என் தம்பிக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. எழுதும்போதும் சாப்பிடும்போதும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அவனுக்கு வாய்த்ததோ, நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. நான் எட்டாவதோடு நின்றவள். இந்த ஆயத்த ஆடை ஆலையில் காலர் தைக்கிறேன். அவன் மாடியில் நெட்வொர்க் பார்க்கிறான். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு இன்னும் வாய் வலிக்கவில்லை.

அவன் எனக்கு விளக்கியபடியே சொல்கிறேன். ஆலையையும் ஊரின் மறுகோடியில் உள்ள கிடங்கையும் ஒரே கேபிள் இணைக்கிறது. அதற்குள் கணக்குப் பிரிவு, தொலைபேசி, கிடங்கின் ஸ்கேனர் எல்லாம் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனித் தடத்தில் ஓடுகின்றன. ஒவ்வொரு தடமும் ஒரு வீலான்; ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எந்தெந்த எண்ணை விடலாம் என்பது இரு முனையிலும் உள்ள சுவிட்ச் பெட்டிகளுக்குத் தெரியும்.

அன்று கிடங்கின் புதிய கேமராக்களுக்காக ஓர் எண்ணைச் சேர்க்க வேண்டும். போன மாதம் மின்சாரக் கோளாறில் கிடங்கு நின்று லாரிகள் காத்துக் கிடந்தன. பழி இவன் தலையில் விழுந்தது. "இன்னொரு தடவை நின்னுச்சுன்னா வேற வேலை பாத்துக்க" என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

மதிய இடைவேளையில் சாப்பாட்டோடு மாடிக்குப் போனேன். அவன் ஏதோ தட்டினான். சட்டென்று காலாட்டம் நின்றது. 

"என்னடா?"

"'சேர்'னு குடுக்காம வெறும் நம்பரைக் குடுத்துட்டேன்க்கா. அது மட்டும் போதும், மத்ததெல்லாம் வேண்டாம்னு கிடங்குப் பெட்டி எடுத்துக்கிச்சு."

"சரி, மாத்திக் குடு."

"எப்படிக் குடுக்கிறது? நான் உள்ள போற தடமும் அதுலதான் போச்சு."

கைபேசி அடித்தது. கிடங்குக்காரர்.

"தம்பி, ஸ்கேனர் எல்லாம் செத்துப் போச்சு. ஒரு வயரைப் பிடுங்கிச் சொருகட்டுமா?"

"வேண்டாம்ணே. கையைப் பாக்கெட்லயே வச்சிருங்க."

"இந்தச் சட்டையில பாக்கெட் இல்லப்பா."

"அப்ப கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க."

போன முறை அவர் பிடுங்கியதில் எந்த வயர் எதற்கு என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போனது.

தம்பிக்கு ஒரு வழக்கம் உண்டு. தொலைவில் உள்ள பெட்டியைத் தொடும் முன், 'சிறிது நேரம் கழித்து நீயே ரீஸ்டார்ட் ஆகு' என்று அதற்குச் சொல்லி வைப்பான். மாற்றம் சரியாக அமைந்தால் அதை ரத்துசெய்துவிட்டு, பிறகுதான் சேமிப்பான். கெட்டுப்போனால், சேமிக்காததால் பெட்டி பழைய எண் பட்டியலோடு எழும். நான் மெஷினில் ஏற்றும் முன், பிரித்துவிடக்கூடிய ஓட்டுத் தையல் போடுவதுபோல.

"அப்ப தானா வந்துடும்ல?"

"சொல்லி வச்சிருந்தா வரும்." குரல் இறங்கியது. "வச்சேனான்னு ஞாபகம் இல்லக்கா."

இணைப்பு அறுந்ததும் திரையில் அவன் தட்டிய பக்கமும் மூடிக்கொண்டது. பார்க்க வழியில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தான். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், மூடினேன்.

மேனேஜர் ஏறி வந்தார். "மறுபடியுமா? கரண்டா?"

ஆமாம் என்று சொல்லிவிடடா என்று என் மனம் அடித்துக்கொண்டது.

"இல்ல சார். நான்தான் தப்பாக் குடுத்தேன். பெட்டி தானா திரும்பலைன்னா நானே வண்டியை எடுத்துக்கிட்டுப் போறேன்."

"அதுவரைக்கும் லாரிக்காரனுக்குக் கதை சொல்லவா?"

 மேனேஜர் அவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். இவன் நின்றான், நடந்தான், நகத்தைக் கடித்தான். திரையில் கிடங்கின் புள்ளி சிவப்பாகவே இருந்தது. ஒருவழியாக அது பச்சையானது. கைபேசி அடித்தது.

"தம்பி, வந்துருச்சு. சத்தியமா நான் எதையும் தொடலை."

தலை மறந்ததைக் கை மறக்காமல் செய்திருக்கிறது.

மேனேஜர் எழுந்தார். "கரண்டுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்."

"தெரியும் சார்."

"கேமராவை நாளைக்குப் பாக்கலாமா?"

"இடைவேளை முடியல சார். இப்பவே பாத்துடறேன்."

அவர் போகவில்லை, பின்னால் வந்து நின்றார். "ரீஸ்டார்ட் சொல்லி வச்சியா?"

"அதைத்தான் முதல்ல வச்சேன்."

"'சேர்'?"

"குடுத்தாச்சு சார்."

கிடங்கின் வாசல் திரையில் தெரிந்தது. கிடங்குக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். தம்பி ரீஸ்டார்ட்டை ரத்துசெய்தான், சேமித்தான், சேமித்தாயிற்றா என்று மறுபடி பார்த்தான்.

"திங்கட்கிழமை, புதுசா எடுத்த ரெண்டாவது கிடங்குக்கும் கேமரா நம்பரை நீயே சேர்த்துடு" என்று சொல்லிவிட்டு மேனேஜர் படியிறங்கினார்.