அன்றைக்குக் காரை ஓட்டியது யார்

சலவைக் கம்பெனியில் அவனுக்கு ‘நிதானம்’ என்று பட்டப்பெயர். வெளுத்த படுக்கை விரிப்புகளை வேனில் ஏற்றி ஓட்டல் ஓட்டலாகக் கொண்டு போய்ப் போடுகிற வேலை. மஞ்சள் விளக்கைத் தூரத்தில் பார்த்ததுமே பிரேக்கில் கால் வைத்துவிடுவான். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே ஓய்ந்து போவான். அப்பேர்ப்பட்டவன் பள்ளிக்கூடத் தெருவில் கண்மண் தெரியாமல் காரை விரட்டினான் என்று போலீஸ் பதிவில் இருக்கிறது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் அக்கா வீட்டு ஹாலில்தான் படுக்கை. அங்கே ஒரு கூத்து. வங்கிக் கணக்கு தொடங்க வேண்டுமானால் வீட்டு முகவரிக்குச் சான்று கேட்பார்கள். வீட்டை வாடகைக்குக் கேட்டால் வங்கிக் கணக்கைக் காட்டு என்பார்கள். அக்காவின் கணவர்தான் லீவு போட்டுவிட்டு வங்கிக்குக் கூடவே வந்து, “இவன் என் வீட்டில் இருக்கிறான்” என்று கையெழுத்துப் போட்டார். சொந்த ஊர் லைசென்ஸ் செல்லாக்காசானபோது, தன் காரையே கொடுத்துப் பழக்கினதும் அவர்தான். இவன் டெஸ்டில் இரண்டு தடவை கோட்டை விட்டான். அப்போதும் மனிதர் முகம் சுளிக்கவில்லை. செய்ததைச் செய்ததாகச் சொல்ல வேண்டும் இல்லையா?

ஒருநாள் அத்தான் அவனைப் பால்கனிக்குக் கூப்பிட்டார்.

“மச்சான், ஸ்கூல் தெரு கேமராவுல நம்ம கார் மாட்டிக்கிச்சு. யார் ஓட்டினதுன்னு கேட்டிருக்காங்க. எனக்கு நிரந்தர விசா கைக்கு வர்ற நேரம். இப்பப் போய் என் பேர் அடிபட்டா அவ்வளவுதான். நீ ஓட்டினதா சொல்லிடு.”

“எனக்கு ஒண்ணும் ஆகாதே அத்தான்?”

“நான் இருக்கேன்ல. ஊர்ல உன் வீட்டுக்காரிகிட்டகூட மூச்சு விடாதே.”

கதவோரம் அக்கா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தபடி நின்றாள். வேறு யாராவது என்றால், ஓட்டினவன் நீ, அனுபவி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். நம் ஆளுக்கு அக்காவின் கண்ணீரைப் பார்த்ததும் புத்தி மழுங்கிவிட்டது. ஹாலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் தான் காரில் பறந்ததாக எழுதிக் கொடுத்தான்.

அத்தானுக்கு விசா வந்தது. வீட்டில் கேக் வெட்டினார்கள்.

அடுத்து இவன் பாடு. மனைவியும் மகளும் வருவதற்கு எல்லாம் கூடி வந்திருந்தது. தனி வீடும் பார்த்துவிட்டான். அந்த நேரம் பார்த்து மானேஜர் அறைக்குள் கூப்பிட்டார். “உன் பேர்ல பெரிய கேஸ் இருக்கு. இன்சூரன்ஸ்காரன் உன்னை வேன் ஓட்ட விட மாட்டேங்கிறான். உன் விசாவே டிரைவர் விசா. இனிமே நான் என்ன பண்ண முடியும்?” என்றார். இவன் விசா போனால் குடும்பத்தின் விசாவும் போச்சு.

நேரே அக்கா வீட்டுக்கு ஓடினான். “அத்தான், உண்மையைச் சொல்லிடலாம்” என்றான்.

அத்தான் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். “எந்த உண்மையை?”

இவனுக்குச் சுருக்கென்றது. அக்காவைப் பார்த்தான். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை.

“நீதானே தம்பி ஓட்டினே” என்றாள்.

எத்தனை சாதாரணமாகச் சொன்னாள், பாவி! புருஷன் நெஞ்சழுத்தக்காரன், சரி. கூடப் பிறந்தவளுமா? செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் படியிறங்கினான். கால் போன போக்கில் நடந்துவிட்டு, ஒரு தெருமுனையில் நின்று மனைவிக்குப் போன் போட்டான். இனி அவளிடம் மறைக்க என்ன இருக்கிறது?

“இப்பதான் அண்ணி பேசினாங்க. எல்லாத்தையும் சொல்லிட்டாங்க” என்றாள் அவள்.

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. அக்காவுக்கு மனசாட்சி உறுத்திவிட்டது என்றே நினைத்தான்.

“குழந்தைங்க நடக்கிற தெருவுல ஏங்க அப்படி ஓட்டினீங்க?”

அவன் முழுக்கதையையும் சொன்னான். பால்கனி, விசா, அக்காவின் கண்ணீர், ஒன்று விடவில்லை.

“நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு அண்ணி சொன்னாங்க” என்றாள். “தப்பு பண்ணினதைக்கூட விடுங்க. உங்களுக்குச் சோறு போட்ட அந்த அண்ணன் மேலயே பழியைப் போடறீங்களே, எப்படிங்க மனசு வந்தது?”