மூன்று மணிக்குப் போகவும்

மீட்டர் வீடு எது என்று அந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாய்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். முப்பத்தோரு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனவர், அதனால் அவர் பெயரே மீட்டர் என்றாகிவிட்டது. கடிபட்டது ஆறு தடவை. அதில் ஒன்று நாயில்லை என்பார். மேற்கொண்டு விவரம் கேட்டால் சொல்ல மாட்டார்.

கடைசிவரை ஒப்பந்த ஆள்தான். நிரந்தரம் பண்ணுகிறோம், பண்ணுகிறோம் என்று மேலே இருந்தவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், இவரும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அறுபது ஆனதும் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். கடிகாரம் தினமும் பத்து நிமிஷம் பின்தங்கும். அதையும் அவர் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறார்.

அடுத்த வாரமே உதவிச் சங்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார். சைக்கிள் கடைக்கு மேலே நீளமாக ஒரு அறை, சுவரோரம் அட்டைப் பெட்டிகள், நடுவில் ஒரு இரும்பு மேசை. கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு மாசம் ஒரு பெட்டி அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு கொடுப்பதுதான் சங்கத்தின் வேலை. யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க வீட்டுக்கே போய்ப் பார்த்து இருபத்திரண்டு கேள்விகள் கேட்டு மதிப்பெண் போட வேண்டும். முப்பது வந்தால் பெட்டி உண்டு. வராவிட்டால் ஒரு கும்பிடு.

அந்தப் பார்வை வேலைக்கென்றே பிறந்தவர் மீட்டர். கழுத்தில் சங்கத்து அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு படியேறினார் என்றால் வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்த்தே உள்ளே எத்தனை பேர், எத்தனை பேருக்கு வேலை என்று கணக்குப் போட்டுவிடுவார். அந்த அட்டையைக் காய்கறி வாங்கப் போகும்போதும் கழற்ற மாட்டார். "குளிக்கும்போதாவது கழட்டுங்க" என்று பெண்டாட்டி சொல்வாள். கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, துவட்டியதும் முதலில் அதைத்தான் எடுப்பார். மனுஷன் சந்தோஷமாக இருந்தார், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பார்வை நாளான செவ்வாயும் வெள்ளியும் வருவதற்காக மற்ற ஐந்து நாளையும் பொறுத்துக்கொண்டார்.

புதிதாக வருகிறவர்களுக்காகப் பன்னிரண்டு பக்கத்தில் 'பார்வைக் குறிப்புகள்' என்று எழுதி, ஜெராக்ஸ் போட்டு வைத்திருந்தார். எல்லாம் அவர் பட்டுத் தெரிந்துகொண்டவை. 'ராத்திரி சாப்பிட்டால் செரிக்காது என்று வீட்டுக்காரர் சொன்னால், ராத்திரி சாப்பாடு இல்லை என்று எழுதவும்.' 'நிரப்பிய படிவத்தை உடனே சங்கத்து மேசைத் தட்டில் போடவும். கையில் வைத்திருந்தால் இரக்கம் வரும், அல்லது கோபம் வரும்.' எல்லாவற்றுக்கும் மேலே, தடித்த எழுத்தில்: 'முடிந்தவரை மதியம் மூன்று மணிக்குப் போகவும். பத்தொன்பதாவது கேள்வியைக் கேட்கக் கூடாது, பார்க்க வேண்டும். மதியம் சாப்பிட்டுச் சமையலறையில் கழுவிக் கவிழ்த்திருக்கும் தட்டுகளை எண்ணவும். ஆள் எண்ணிக்கையைவிடத் தட்டு குறைந்தால் பத்து மதிப்பெண்.'

கறார் என்றால் அப்படியொரு கறார். போன வாரம்தான் சட்டைக்குப் பட்டன் தைத்துக் கொடுத்துப் பிழைக்கிற ஒரு பெண்மணி, இரண்டு பிள்ளைகள், இருபத்தெட்டு மதிப்பெண் வந்தது. சங்கத்துச் செயலாளர் நர்ஸம்மா, பெரிய ஆஸ்பத்திரி வார்டையே ஆட்டிப் படைத்துவிட்டு ஓய்வு பெற்றவர், அவரே கொஞ்சம் இறங்கி வந்தார். "ரெண்டு மார்க்குதானே மீட்டர் சார், பார்த்துப் போடுங்களேன்."

"பார்த்துத்தாம்மா போட்டிருக்கேன்" என்றார் மீட்டர். அதோடு பேச்சு முடிந்தது.

இப்படியிருக்கையில் சங்கத்தில் கண்டக்டர் வந்து சேர்ந்தார். பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் விசிலடித்துவிட்டு அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. நல்ல மனுஷன், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர், ஒரு எழுத்து கூடவோ குறையவோ செய்யத் தெரியாது. அவருக்குப் பயிற்சி கொடுக்கிற பொறுப்பு மீட்டர் தலையில் விழுந்தது.

"என்னையே ஒரு வீட்டுக்காரனா நினைச்சுக் கேள்வி கேளுங்க" என்று மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார் மீட்டர். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். வேறு யாராவது என்றால் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார்கள். மீட்டருக்கு இல்லாததைக் குறிக்கிற பழக்கம் கிடையாது.

"வேலைக்குப் போறவங்க எத்தனை பேர்?" என்று சைக்கிள் கடைவரை கேட்கிற மாதிரி கத்தினார் கண்டக்டர்.

"யாருமில்லை. நான் வேலையை விட்டாச்சு. வீட்டுல முன்னாடி பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கிட்டிருந்தா. முட்டி வலி வந்ததும் நிறுத்திட்டா."

"மருந்து மாத்திரை?"

"அவளுக்கு உண்டு. பாதியா உடைச்சுப் போட்டுக்கறா. முழுசாப் போட்டா மயக்கமா வருதாம்."

"ராத்திரி சாப்பாடு?"

"வயசாச்சுல்ல. ராத்திரி சாப்பிட்டா செரிக்கறதில்லைன்னு அவதான் நிறுத்தினா. எனக்கும் பழகிடுச்சு."

கண்டக்டர் குறிப்புகளின் நாலாம் பக்கத்தைப் புரட்டி விரல் வைத்துப் பார்த்தார். பிறகு 'இல்லை' என்று எழுதினார். எல்லாம் முடிந்ததும் கூட்டிப் பார்த்து, "முப்பத்தொண்ணு. பாஸ் அண்ணே!" என்று வாழ்த்தினார். மீட்டர் தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரத்தில், குறிப்பில் இருந்தபடி, படிவத்தை உடனே தட்டில் போட்டார்.

மறுநாள் நர்ஸம்மா அந்தப் படிவத்தோடு கூப்பிட்டார். "இது பயிற்சிக்குப் போட்டதாமே. கிழிச்சுடவா?"

கிழியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே தீர்ந்தது. ஆனால் தட்டுக்கு வந்த படிவத்தைக் கிழிக்கக் கூடாது, இரண்டு பேர் நேரில் போய்ப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்ற விதியே மீட்டர் சண்டை போட்டுக் கொண்டுவந்தது.

"கிழிக்காதீங்க. போய்ப் பார்த்தாத் தப்புன்னு தெரிஞ்சிடும். கண்டக்டருக்கு இன்னும் மார்க் போடத் தெரியலை. செவ்வாக்கிழமை அந்தப் பக்கம் நானும் அவரும்தானே? நாங்களே போறோம்."

"உங்க வீட்டுக்கு நீங்களேவா?"

"கூடாதுன்னு விதி இல்லையேம்மா."

அப்படி ஒருத்தன் வருவான் என்று யாருக்குத் தோன்றியிருக்கும், விதி எழுத? நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. ஆனா ஒண்ணு. முப்பதுக்கு மேல நின்னுடுச்சுன்னா நீங்க பெட்டி வாங்கற வீடு. பெட்டி வாங்கற வீட்டு ஆள் பார்வைக்குப் போகக் கூடாது. கார்டைக் கொடுத்துடணும். இது விதியில இருக்கு."

மீட்டர் கழுத்தில் இருந்த அட்டையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு வழக்கம்போல வீட்டில் சாப்பிட்டார். பெண்டாட்டி பரிமாறினாள். "நீ?" என்று கேட்டார். "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் போட்டுக்கறேன்" என்றாள். தினமும் நடக்கிற பேச்சுதான். பார்வைக்கு வருவதை முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது விதி, ஆகவே அவளிடம் மூச்சு விடவில்லை. மூன்று மணிக்குக் கண்டக்டரோடு வந்து தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினார்.

கதவைத் திறந்தவள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்க, சாவி எடுத்துட்டுப் போகலையா?"

"வணக்கம்மா, உதவிச் சங்கத்துல இருந்து வரோம்" என்றார் மீட்டர். அவருக்கே நாக்கு கூசியது.

அவள் புருஷன் கழுத்து அட்டையைப் பார்த்தாள், கண்டக்டர் கையில் இருந்த படிவத்தைப் பார்த்தாள். சட்டென்று புரிந்துகொண்டாள். புரியாமல் என்ன? அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் அவளுக்குத்தான் முதலில் படித்துக் காட்டினார், எழுத்துப் பிழை திருத்தியதும் அவள்தான். "உள்ள வாங்க" என்று புருஷனைத் தன் வீட்டு நாற்காலியிலேயே விருந்தாளியாக உட்காரவைத்தாள்.

பிறகு ஆரம்பித்தாள் பாருங்கள்! முப்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ புளுகைக் கேட்டவர் மீட்டர், இப்படி நெளியாமல் ஒருத்தர் புளுகி அவர் பார்த்ததில்லை. பாடம் கேட்டு இப்பவும் நாலு பிள்ளைகள் வருகிறார்களாம். மாத்திரை முழுசாகத்தான் போட்டுக்கொள்கிறாளாம். உடைப்பதா, சே, யார் சொன்னது? ராத்திரி இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறார்களாம். "வெளியூர்ல இருக்கற பையன்கூட ஞாயித்துக்கிழமையானா போன் பண்ணி சாப்பிட்டியாம்மான்னு கேப்பான். ஆச்சுப்பான்னு சொல்லுவேன்" என்றாள். அதுமட்டும் உண்மை.

கண்டக்டர் சொன்னதைச் சொன்னபடி எழுதினார். கூட்டினார். "இருபத்திரண்டு அண்ணே. குறைஞ்சு போச்சே!"

பெண்டாட்டி பொய் சொல்கிறாள் என்று மீட்டருக்குத் தெரியும். எடுத்துச் சொல்ல வேண்டியது அவர் கடமை. சொல்லவில்லை. அட்டை கழுத்திலேயே இருக்கும், வெள்ளிக்கிழமை வரும் என்று ஒரு நிமிஷம் அவர் மனசு குளிர்ந்தது. இதை ஒளிப்பானேன், உள்ளதைத்தான் சொல்கிறேன்.

"பத்தொன்பதாவது விட்டுப்போச்சு. சமையலறை பார்க்கணும்" என்றார் கண்டக்டர். பிறகு அவரே தயங்கினார். "அண்ணி புழங்கற இடம். நான் போறது நல்லா இருக்காது. நீங்களே எட்டிப் பார்த்துச் சொல்லிடுங்கண்ணே."

மீட்டர் உள்ளே போனார். தொட்டிக்குப் பக்கத்தில் கம்பிக் கூடை. அதில் ஒரு தட்டு கவிழ்ந்திருந்தது. அவருடைய தட்டு. பக்கத்தில் ஒரு டம்ளர். அதுவும் அவருடையது.

பின்னாலேயே வந்து நின்றாள்.

"உன் தட்டு எங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கழுவித் துடைச்சு மேல வெச்சுட்டேன்."

அண்ணாந்து பார்த்தார். மேல்தட்டில், சுவரோரம் அவளுடைய தட்டு சாய்ந்திருந்தது. எடுத்தார். விரலை வைத்து இழுத்தார். தூசியில் கோடு விழுந்தது.

எத்தனை நாளாக என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் நிஜமான பதில் வராது என்று ஒன்பதாம் பக்கத்தில் அவரே எழுதியிருக்கிறார். காலையில் மட்டும் ஏதோ வாயில் போட்டுக்கொண்டு நாளை ஓட்டியிருக்கிறாள். ஊரார் வீட்டுச் சமையலறையெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தவர் மூன்று மணிக்கு ஒருநாள்கூடத் தன் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்ததில்லை. அவமானமாக இருந்தது. அவள்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபம் நிற்காமல் தன்மேலேயே திரும்பியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தட்டை மட்டும் கீழே வைக்கவில்லை.

"ஏன் சொல்லலை?"

"வெயில்ல நாலு மாடி ஏறி இறங்கறீங்க. வீட்டுல உட்கார்ந்திருக்கற எனக்கு என்ன பசி?"

கூடத்திலிருந்து கண்டக்டரின் குரல் வந்தது. தெருவுக்கே கேட்டிருக்கும். "அண்ணே, எத்தனை? ரெண்டுன்னு போட்டுக்கட்டுமா?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டுன்னு சொல்லிடுங்க. கார்டு போயிடும். அது இல்லாம நீங்க இருக்க மாட்டீங்க."

மீட்டர் தட்டைப் பிடித்தபடியே கூடத்துப் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு" என்றார். "ஒண்ணுன்னு எழுதுங்க. வீட்டுல ஆள் ரெண்டு."

கண்டக்டர் பத்தைச் சேர்த்துக் கூட்டி, "முப்பத்திரண்டு" என்று சொல்லும்போது முதல்முறையாக அவர் குரல் மெதுவாக வந்தது.

சங்கத்துக்குத் திரும்பியதும் மீட்டர் அட்டையைக் கழற்றினார். கயிற்றை அதன்மேல் ஒழுங்காகச் சுற்றி, படிவத்தோடு சேர்த்துத் தட்டில் போட்டார். நர்ஸம்மா படித்துப் பார்த்தார். வார்டில் எத்தனையோ பார்த்த அம்மா, முத்திரையை எடுத்துக் குத்தினார்.

"பெட்டி கட்டற வேலைக்கு விதி ஒண்ணும் தடுக்கலை. நாளைக்கு வந்துடுங்க" என்றார்.

"வரேன்மா." வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "போன வாரம் அந்தப் பட்டன் தைக்கிற அம்மா. இருபத்தெட்டு போட்டேனே. அங்க திரும்பப் போகச் சொல்லுங்க."

"ஏன், மார்க் தப்பாயிடுச்சா?"

"மார்க் சரிதான். அன்னிக்கு நான் பதினோரு மணிக்குப் போயிட்டேன். கூடையில காலைத் தட்டு மூணு இருந்துச்சு, எண்ணிட்டு வந்துட்டேன்." கண்டக்டர் பக்கம் திரும்பினார். "நீங்க மூணு மணிக்குப் போங்க. அவங்க சமையலறைக்குள்ள போகக் கூச்சப்பட்டுக்கிட்டு வாசல்லயே நிக்காதீங்க."

பெட்டியை அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள். தலையில் வைத்துக்கொண்டு தன் தெருவழியாகவே வந்தார். நாய்கள் எழுந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டன. விளக்கேற்றியதும் அவரே இரண்டு தட்டையும் கழுவிக் கொண்டுவந்து வைத்தார். அவள் அவர் தட்டில் மட்டும் போட்டுவிட்டு நகரப் பார்த்தாள்.

"உட்காரு. நீ சாப்பிடறதை நான் பார்க்கணும்."

"கார்டைத்தான் கொடுத்துட்டு வந்துட்டீங்களே. இன்னும் என்ன பார்வை?" என்றாள்.

அவர் தன் தட்டைத் தொடவில்லை. அவள் முதல் வாய் எடுத்து வைக்கிறவரை கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.