கூப்பிடு தூரத்துப் பள்ளிக்கூடம்

டோக்கியோவை ஒட்டிய உராவாவில் வீடு பார்த்தது ரிட்சுகோதான். அவள் புருஷன் மசாயுகிக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது. தக்கவோகாவில் அலுமினிய ஜன்னல் செய்யும் கம்பெனியில் மாடாய் உழைத்துக்கொண்டிருந்தவனை டோக்கியோ தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். உத்தரவு வந்த அன்று அவன் கோட்டைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "எங்க குடியிருக்கலாம்னு நீயே பாத்துக்கோ. ரயிலடி பக்கமா இருந்தா எனக்குப் போதும்" என்றான். ரயிலடி யாருக்கு வேண்டும்? ரிட்சுகோவுக்கு வேண்டியது ஒன்றுதான். பிள்ளை நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும்.

பிள்ளை நவோகிக்கு அப்போது ஒன்பது வயது. தக்கவோகாவில் வகுப்பிலேயே அவன்தான் முதல். ரிட்சுகோவும் ஒரு காலத்தில் வகுப்பில் முதலாக வந்தவள்தான். மருந்தியல் படிக்க ஆசைப்பட்டாள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா, "பொட்டப்புள்ளைக்கு ரெண்டு வருஷப் படிப்பு போதாதா?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். பிறகு அவள் மருந்துக்கடையில் கல்லாவில் நின்றாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டுப் பெண்கள் மருந்து அளந்துகொடுப்பதைப் பார்த்துக்கொண்டே பல வருஷம் சில்லறை எண்ணினாள். அந்த வயிற்றெரிச்சல் அவளை விட்டுப் போகவே இல்லை.

புறநகர்களைப் பற்றி இணையத்தில் இல்லாத தகவலா? எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எந்த மேல்பள்ளிக்குப் போனார்கள், எந்தத் தெருவில் எத்தனை டாக்டர் குடும்பம் என்பதுவரை கொட்டிக்கிடக்கிறது. ரிட்சுகோ அதை நம்பவில்லை. ரயில் ஏறி நேரே போனாள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு, பிள்ளைகளின் ஷூக்களைப் பார்த்தாள். ஷூவின் பின்பக்கத்தை மிதித்துச் சப்பையாக்கி, செருப்பு மாதிரி இழுத்துக்கொண்டு வரும் பிள்ளைகள் இருந்தால் அந்த ஊர் வேண்டாம். முதலில் பார்த்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் வந்தார்கள். இரண்டாவது ஊரில் ஷூ பரவாயில்லை, ஆனால் சாலையைக் கடத்திவிடும் பெரியவரை ஒரு பயல் "டேய் மொட்டை" என்றான். உராவாவில் ஒவ்வொரு குதிகாலும் ஷூவுக்குள் கச்சிதமாக இருந்தது. ஒவ்வொரு தலையும் அந்தப் பெரியவருக்குக் குனிந்தது. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க மாட்டார்கள். அத்தனை பார்த்தவள் அந்தப் பிள்ளைகளின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

வீட்டுத் தரகன் ரொம்ப விவரமானவன். "அக்கா, இந்த ரோட்டுக்கு இந்தப் பக்கம்னா அந்தப் பள்ளிக்கூடம். எதிர்ப்பக்கம்னா வேற பள்ளிக்கூடம். வீடும் அதே வீடுதான், ஓடும் அதே ஓடுதான். விலை மட்டும் வேற" என்று சிரித்தான். ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில், பால்கனியிலிருந்து கூப்பிட்டால் பள்ளிக்கூடத்தில் கேட்கும் தூரத்தில், முப்பத்தைந்து வருஷக் கடனில் வீட்டை வாங்கினார்கள். முதல் நாள் காலையில் பள்ளி மணி சமையலறைவரை கேட்டபோது ரிட்சுகோவுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான்.

இங்குள்ள கம்பெனிகளுக்கு ஒரு புத்தி உண்டு. ஒருவன் வீடு வாங்கிவிட்டான் என்று தெரிந்ததும் அவனைத் தூரத்து ஊருக்குத் தூக்கியடிக்கும். கடன் கழுத்தில் இருக்கிறவன் வேலையை விட்டுப் போகமாட்டான் என்ற தைரியம். "வீடு வாங்கிட்டியா? அப்ப பெட்டியைக் கட்டு" என்று அலுவலகத்தில் கிண்டல் பண்ணியது அப்படியே பலித்தது, அடுத்த இலையுதிர் காலத்தில் மசாயுகியைக் ககோஷிமாவுக்கு மாற்றினார்கள். தேசத்தின் அந்தக் கோடி.

"மூணு பேரும் போயிடலாமா?" என்று மசாயுகி கேட்டான். நிஜமாகவே கேட்டான்.

"எதுக்காக இந்த வீட்டை வாங்கினோம்? அவன் படிப்புக்குத்தானே? நீங்க போயிட்டு வாங்க. நாங்க இருந்துக்கறோம்."

நவோகி சோற்றைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று ரிட்சுகோவுக்கு அப்போதே கொஞ்சம் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

புதுப் பள்ளிக்கூடத்தில் அவனை யாரும் அடிக்கவில்லை, பையை ஒளிக்கவில்லை. அந்த மட்டும் நல்ல பள்ளிக்கூடம்தான். ஆனால் ஆசிரியை புதுக் கணக்கைத் தொடங்கும்போதே மற்ற பிள்ளைகளுக்கு விடை தெரிந்திருந்தது. டியூஷனில் ஆறு மாதம் முன்பே முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து இருக்கைப் பெண் ஒரு நாள், கேலியே இல்லாமல், நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டாள். "இது தெரியாதவன் நீ ஒருத்தன்தானா?" தக்கவோகா பேச்சு வாயில் வந்துவிடும் என்று பயந்து அவன் பேசுவதையே குறைத்துக்கொண்டான்.

கீழ்வீட்டுக் குராமோச்சி அம்மாளிடம் ரிட்சுகோ யோசனை கேட்டாள்.

"ஐயோ, இன்னுமா டியூஷன் சேக்கல?" என்று அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நல்ல இடமெல்லாம் மூணாங்கிளாஸ்லயே நிரம்பிடுமே! ஆனா பரவால்லங்க, உங்க பையன் பாக்க ஆரோக்கியமா இருக்கான்."

ரிட்சுகோ அலைந்து திரிந்து ஒரு டியூஷனில் இடம் பிடித்தாள். கடைசி வகுப்பில் கடைசி பெஞ்சு. நவோகிக்குக் காலையில் வயிறு வலிக்க ஆரம்பித்தது. டாக்டர் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். ஐந்தாம் வகுப்புக் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று அவன் வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

ரிட்சுகோ கெஞ்சினாள், திட்டினாள். ஒரு நாள் பையோடு அவனை வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டாள். இந்தப் பக்கம் அவள் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அழைப்புமணி அடித்தது. குராமோச்சி அம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மாடிப்படியில உக்காந்திருந்தான். சாவி தொலைஞ்சிடுச்சாம்" என்றாள். சாவி தொலையவில்லை என்பது மூன்று பேருக்குமே தெரியும். பிள்ளை அம்மாவின் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருக்கிறான் என்று நினைத்தபோது ரிட்சுகோவுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. அதன்பிறகு அவனை அவள் தள்ளவில்லை. பள்ளியைப் பார்த்த ஜன்னலின் திரையை அவன் மூடினான், அவளும் மூடவிட்டாள்.

ஆசிரியை வந்தாள். நல்லவள். "நவோகி அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். "தெரியும்" என்றாள் ரிட்சுகோ.

தெரியாது. மசாயுகி தினமும் சாயங்காலச் சாப்பாட்டு நேரத்தில் போன் பண்ணுவான். தனி அறையில், கடையில் வாங்கிய பொட்டலச் சோற்றோடு உட்கார்ந்து, "இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல என்ன?" என்று கேட்பான். அவனுக்கு அந்த நாளிலிருந்த ஒரே நல்ல விஷயம் அதுதான். நவோகி பள்ளிக்குப் போகாமல் நின்ற பிறகு முதல் தடவை அவன் கேட்டபோது, காலையில் பால்கனியில் துணி உலர்த்தும்போது காதில் விழுந்தது அவள் வாயில் வந்துவிட்டது. "ஓட்டப் பயிற்சி வெச்சாங்க." மசாயுகி விடவில்லை. "எத்தனாவதா வந்தான்?" அவள் ஒரு கணம் தயங்கி, "மூணாவது" என்றாள். அந்தப் பக்கம் அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதைக் கேட்ட பிறகு எந்தப் பெண்டாட்டி உண்மையைச் சொல்வாள்?

அதிலிருந்து துணி உலர்த்துவது அவளுக்கு ஒரு வேலையாகிவிட்டது. ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து ஒலிபெருக்கியைக் கேட்பாள். பாட்டுப் பயிற்சி என்றால் நவோகி முன்வரிசையில் பாடினான். நீச்சல் என்றால் குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போனான். மழை பெய்து ஒன்றும் கேட்காத நாளில் அவனுக்கு ஒரு சிநேகிதன் கிடைத்தான். மசாயுகி வீட்டுக்கு வந்ததெல்லாம் புத்தாண்டுக்கும் வசந்த விடுமுறைக்கும் மே மாதத் தொடர்விடுமுறைக்கும்தான். எந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடம் போகாத நாட்கள். "என்னடா, வெளுத்துப் போயிட்ட?" என்று அவன் கேட்டான். "படிப்பு" என்று ரிட்சுகோ பதில் சொன்னாள். நவோகி எழுந்து தன் அறைக்குப் போனான்.

ஆறாம் வகுப்பு விளையாட்டு விழா மே மாதக் கடைசிச் சனிக்கிழமை. மசாயுகி தனக்கு அன்று வேலை என்று சொல்லியிருந்தான், அவளுக்கும் நிம்மதி. ஆனாலும் காலையில் எழுந்து கோழி வறுத்தாள், முட்டை சுருட்டினாள், விழாவுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிற எல்லா அம்மாக்களையும் போல அடுக்குப் பெட்டியை நிரப்பினாள். சாயங்காலம் பேசும்போது சாப்பாட்டைப் பற்றியாவது உண்மையைச் சொல்லலாம் அல்லவா? பிறகு துணிக்கூடையோடு பால்கனிக்குப் போனாள். பாண்டு இசை முழங்கிக்கொண்டிருந்தது. அப்போது போன் அடித்தது.

"நான் மைதானத்துலதான் நிக்கறேன்!" மசாயுகி கத்தினான். அவன் பின்னால் அதே இசை. "லீவு கேட்டேன், குடுத்துட்டாங்க. ஏர்போர்ட்டுலேந்து நேரா வந்துட்டேன். உன்னை அசத்தலாம்னுதான் சொல்லல. நீ எங்க நிக்கற?"

"வீட்டுல... சாப்பாட்டை எடுக்க வந்தேன்."

"சரி சரி. அடுத்தது ஆறாங்கிளாஸ் ஓட்டமாம். புதுக் கேமரா வாங்கியிருக்கேன். நவோகி எங்க? எல்லாத் தலையும் ஒரே மாதிரி இருக்கு."

அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்கலாம். நாக்கு பழகிப்போயிருந்தது. "சிவப்புத் தொப்பி" என்றாள். "ரெண்டாவது பந்தயம். கடைசிப் பாதை."

"ஆங், பாத்துட்டேன்! பாத்துட்டேன்! என்னா வளத்தி வளந்துட்டான்! முகம் சரியாத் தெரியல, ஆனா நிக்கற தோரணையைப் பாரு, அப்படியே எங்கப்பாதான்."

துப்பாக்கி வெடித்தது. போனிலும் வெடித்தது, எதிரிலும் வெடித்தது. மசாயுகி தொண்டை கிழியக் கத்தினான். "நவோகீ! விடாதடா! ஓடு, ஓடு!"

அவளுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு நகர்ந்தது. பல மாதங்களாகப் பால்கனிப் பக்கமே வராத பிள்ளை, கலைந்த தலையும் இரவு உடையுமாக வந்து நின்றான். அவள் கையிலிருந்து போனை மெதுவாகத்தான் எடுத்தான்.

"அப்பா. கத்தாதீங்க. நான் வீட்டுல இருக்கேன்."

மைதானத்தில் யாரோ ஜெயித்துவிட்டார்கள். கைதட்டல் இரண்டு பக்கமும் கேட்டது. அது அடங்கின பிறகு மசாயுகி கேட்டான்.

"அப்ப நான் யாரைப் படம் எடுத்துக்கிட்டு இருக்கேன்?"

மசாயுகி வீட்டுக்கு வந்தான். ரிட்சுகோ எல்லாவற்றையும் சொன்னாள், தாழ்ப்பாள் போட்டதுவரை. ஒலிபெருக்கி அணிகளின் புள்ளிகளை அறிவித்துக்கொண்டிருந்தது. மேஜை நடுவில் அடுக்குப் பெட்டி திறந்தபடி இருந்தது. யாரும் கை வைக்கவில்லை.

"இத்தனை மாசம் நீ சொன்னதெல்லாம்?" என்றான் மசாயுகி.

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க."

"நானா கேட்டேன் சந்தோஷத்தை? என் பிள்ளையைப் பத்தித்தானே கேட்டேன்?"

"அம்மாவைத் திட்டாதீங்க" என்றான் நவோகி. "சுவருக்கு அந்தப் பக்கம் நானும் தினம் கேட்டுட்டுத்தான் இருந்தேன். அந்தப் பையன் நல்லாதான் இருந்தான். பாடினான், நீந்தினான். அவனைப் பத்திப் பேசும்போது அம்மா குரல் எப்படி இருக்கும் தெரியுமா? என்கிட்ட அம்மா அப்படிப் பேசினதே இல்ல."

ரிட்சுகோ அவனைத் தொடப் போனாள். அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

"நான் அப்பாகூடப் போறேன்."

"நாம எல்லாரும் போயிடலாம்டா" என்றாள் ரிட்சுகோ. "வீடு கிடக்கட்டும்."

"அம்மா வர வேண்டாம்" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்ததைச் சொல்வது போலச் சொன்னான். மசாயுகி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடுத்த மாதமே அவர்கள் போனார்கள். வெளியில் சொல்லிக்கொள்ளக் காரணம் தயாராக இருந்தது. வாங்கினவர்களே குடியிருக்க வேண்டும் என்பது வங்கி போட்ட நிபந்தனை, அதனால் யாராவது ஒருவர் இருந்தாக வேண்டும். குராமோச்சி அம்மாள் அதை நம்பியதாகக் காட்டிக்கொண்டாள். ரிட்சுகோ பழையபடி ஒரு மருந்துக்கடையில் கல்லாவில் நிற்கப் போனாள்.

இப்போது சாயங்காலச் சாப்பாட்டு நேரத்தில் போன் பண்ணுகிறவள் அவள்தான். நவோகி பேச வருவதில்லை. மசாயுகிதான் எடுக்கிறான்.

"இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல என்ன?" என்று கேட்கிறாள்.

"போனான். நல்லாதான் இருக்கான்."

"நிஜமாவா?"

"ஆமா. எரிமலை பாக்கக் கூட்டிட்டுப் போனாங்களாம். ஒரு சிநேகிதன்கூடக் கிடைச்சிருக்கான்."

மசாயுகியின் குரல் இதமாக இருக்கிறது. அவள் மனம் நோகாமல் பார்த்துப் பார்த்துப் பேசுகிறான். அந்தச் சிநேகிதனின் பெயர் என்ன என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவன் ஒரு கணம் தயங்கிப் பதில் சொன்னால் அதை அவளால் தாங்க முடியாது. "அப்படியா, நல்லது" என்று சொல்லி போனை வைத்துவிடுகிறாள்.