மேற்குப் பக்கம் பூஜ்யம்

சங்கரன்கோவிலில் சண்முகசுந்தரி ஏறாத வாசற்படி குறைவு. மக்கள்தொகை, வாக்காளர் பட்டியல், கொசுப்புழு, கால்நடை என்று அரசாங்கம் எதை எண்ணச் சொன்னாலும், கையில் அட்டையும் தோளில் பையுமாகக் கிளம்பிவிடுவாள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் மருமகள் கதவைத் திறந்தால் மாமியாருக்கு ஆகாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கணவன் கண்ணை மூடியபோது மகள் காவியாவுக்கு ஏழு வயது. அன்றிலிருந்து பதினோரு ஆண்டுகளாக ஊரார் வீட்டுத் தலைகளை எண்ணித்தான் தன் வீட்டில் உலை வைத்தாள். எல்லாமே தற்காலிக வேலை. கணக்கெடுப்பு முடிந்ததும் அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

இந்தச் சித்திரையில் அவளுக்கு வந்த வேலை கொஞ்சம் வேறு மாதிரியானது. கிழக்கே கடற்கரையில் ஒரு முனையம் கட்டப் போகிறார்களாம். எரிவாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலில் கொண்டுவந்து, இங்கே பெரிய தொட்டிகளில் இறக்கி, மறுபடி வாயுவாக்கிக் குழாயில் அனுப்புவார்கள். அனுமதி கொடுக்கும் முன்னால் அரசின் பாதுகாப்பு ஆய்வுக் குழு ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும் என்றது. தொட்டி உடைந்தால் சுற்றிலும் இருப்பவர்கள் எத்தனை பேர்? அதை எண்ணிக் கொடுக்கும் பொறுப்பு ஒரு தனியார் ஆய்வு நிறுவனத்துக்குப் போயிற்று. நிறுவனத்தின் மேற்பார்வையாளர் பாஜிலா, கடையநல்லூர்ப் பெண். முன்பு ஒரு கணக்கெடுப்பில் சுந்தரியோடு தெருத் தெருவாக அலைந்தவள். ஆள் வேண்டும் என்றதும் அவளுக்கு முதலில் நினைவு வந்தது சுந்தரிதான்.

ராஜபாளையம் சாலையில் ஓர் உரக்கடைக்கு மேலே இருந்த அலுவலகத்தில் பயிற்சி கொடுத்தார்கள். திரவம் சிந்தினால் வெண்பனி போலத் தரையோடு தரையாக ஊர்ந்து வரும், அதற்கு வாசனை கிடையாது, எங்காவது நெருப்பைத் தொட்டால் வந்த வழியெல்லாம் பற்றிக்கொள்ளும் என்று பயிற்சியாளர் சொன்னார். சுந்தரி அதை வட்டமான கையெழுத்தில் எழுதிக்கொண்டாள்.

முனையம் வரப்போகும் இடத்துக்கு மேற்குப் பக்கம் அவள் பங்குக்கு வந்தது. மூன்று நாள் வெயிலில் நடந்தாள். ஊர் இல்லை, வீடு இல்லை. அறுவடை முடிந்த கரிசல் காடு, ஆங்காங்கே உடைமுள் மரம், அப்புறம் ஆட்டுக்கிடைகள். வெள்ளாமை எடுத்த நிலத்தில் எருவுக்காக ராத்திரியில் ஆடுகளை அடைத்துப் போடுவதற்குக் கிடை என்று பெயர். கிடை போட்டிருந்தவர்கள் அவளுடைய பிறந்த ஊரான மேலநீலிதநல்லூர்க்காரர்கள். அவர்களில் ஒருவன் அவளுடைய தம்பி சங்கரசுப்பு. "யக்கா, வெயில்ல கருவாடாட்டம் ஆயிட்டியே" என்று கேலி செய்து, அடிக்கரி பிடித்த சட்டியில் சாயா போட்டுக் கொடுத்தான். குடித்துவிட்டு வந்து படிவத்தில் எழுதினாள்: வீடுகள் பூஜ்யம். வசிப்போர் பூஜ்யம்.

அதை எழுதும்போது அவள் மனத்தில் கடுகளவு கள்ளம் இல்லை. அவர்கள் ஊரில் கிடைக்குப் போனவனை அங்கே வசிக்கிறான் என்று யாரும் சொல்வதில்லை. ரேஷன் அட்டை வீட்டில், ஓட்டு வீட்டில், கோயில் வரி வீட்டில். மாசி முதல் ஆனி வரை அவன் உடம்பு எங்கே கிடந்தாலும் வசிப்பது ஊரில்தான்.

ஆனி கடைசியில் பாஜிலா நல்ல சேதி கொண்டுவந்தாள். "யக்கா, ஒங்க ஃபாரம்லாம் சுத்தமா இருக்காம். ஆய்வு முடிஞ்சதும் ஒங்கள நிரந்தரமா எடுக்கச் சொல்லி எழுதிருக்கேன். இனி அட்டையத் திருப்பிக் குடுக்க வேண்டாம்."

அன்று சுந்தரி அடையாள அட்டையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து அழுதாள். காவியா நர்சிங் சேர்ந்திருந்த நேரம். அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்த அந்தப் பெண்ணும் சேர்ந்து அழுதாள்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சங்கரசுப்பு மனைவி ராஜேஸ்வரியோடு அக்கா வீட்டுக்கு வந்தான். மழை எதிர்பார்த்து ஆடுகள் ஊர் திரும்பியிருந்தன. வந்தவர்களுக்கு முறுக்கை எடுத்து வைத்த கையோடு, ஆய்வறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தையும் எடுத்துவந்தாள் சுந்தரி. பெருமை தாங்கவில்லை. உரக்க வாசித்தாள்: "மேற்குப் பக்கம் இரண்டு கிலோமீட்டர் தொலைவுக்கு மக்கள் வசிப்பு இல்லை. ஆகவே அப்பக்கம் அபாயச் சங்கும் வெளியேறும் பாதையும் தேவைப்படவில்லை." பிறகு நிமிர்ந்து, "நான் எடுத்த கணக்குல்லா இது. அச்சுல வந்துருக்கு பாரு" என்றாள்.

"மேற்கேன்னா நம்ம கிடை கெடந்த காடுல்லா?" என்றான் சங்கரசுப்பு.

"ஆமா."

"அப்பம் நாங்க யாரு, பேயா?"

"ஒங்கள மட்டும் பேயின்னு எழுதுனா நான் சாட்சிக் கையெழுத்துப் போடுதேன்" என்றாள் ராஜேஸ்வரி.

மூவரும் சிரித்தார்கள். சுந்தரியின் சிரிப்புதான் பாதியில் நின்றது.

"ஏலே, நான் தப்பா எழுதிட்டனோ?"

"என்னத்த தப்பு? நாங்க என்ன அங்கன குடியா இருக்கோம்? எவன் வந்து கேட்டாலும் மேலநீலிதநல்லூர்னுதான் சொல்லுவேன்."

"கிடைக்குப் பக்கத்துல தீ போடுவியளா?"

"போடாம? நரி வரும்லா. தீயப் போட்டுட்டுத் தரையில சாக்க விரிச்சுப் படுத்தா, கடக்காத்து சிலுசிலுன்னு வரும் பாரு. மெத்தையெல்லாம் பிச்சை வாங்கணும்."

அவன் சொன்னது காற்றின் சுகம். அவள் காதில் விழுந்ததோ வேறு. கடலிலிருந்து காற்று. தரையில் படுத்த உடம்புகள். பக்கத்தில் நெருப்பு. வாசனை இல்லாத பனி ஒன்று ஊர்ந்து வந்தால் ஊதுவதற்குச் சங்கு கிடையாது. ஏன் கிடையாது? கூடப் பிறந்தவன் கையால் சாயா குடித்துவிட்டு அங்கே யாருமில்லை என்று எழுதிய இந்தக் கையால்தான். உலகத்தில் எந்த அக்காவும் தம்பியை இப்படி ஒரு பூஜ்யத்தின் வட்டத்துக்குள் போட்டு மூடியிருக்க மாட்டாள்.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. மறுநாள் தம்பிக்குப் போன் செய்து, யார் யார் எந்தக் கிடை என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டாள். "எதுக்குக்கா?" என்றதற்கு, "சும்மாதாம்லே" என்றாள்.

ஆவணியில் அரசின் ஆய்வுக் குழுவிலிருந்து ஓர் அதிகாரி அலுவலகத்துக்கு வந்தார். நரைத்த தலையை இறுக்கிப் பின்னியிருந்த அம்மாள். ஒவ்வொரு கணக்கெடுப்பாளரையும் நேரில் கூப்பிட்டு, படிவத்தை உறுதிசெய்து கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். சுந்தரியின் முறை வந்தபோது மதியம் மூன்று மணி. பாஜிலா பக்கத்தில் நின்று, பேனாவைத் திறந்து அவள் கையில் கொடுத்தாள்.

"இதை நிரப்பியது நீங்கள்தானே? சரியென்றால் கீழே கையெழுத்துப் போடுங்கள்."

காவியாவின் வெள்ளைச் சீருடை அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. பேனா முனை தாளைத் தொட்டது. அப்புறம் எடுத்துவிட்டாள்.

"மேடம், இது சரியில்ல."

பாஜிலாவின் முகம் வெளுத்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "எது சரியில்லை?"

"பூஜ்யம் சரியில்ல மேடம். வீடுதான் இல்ல, ஆளு இருக்கு. மாசியில இருந்து ஆனி வரைக்கும் பதினோரு கிடை. முப்பத்தேழு பேரு. அதுல ஆறு பேரு பொம்பளைய. வருசா வருசம் அங்கனதான் படுப்பாங்க."

"அப்போதே ஏன் எழுதவில்லை?"

"எழுதணும்னு தோணவே இல்ல மேடம். அதுல ஒருத்தன் என் தம்பி. அவன் போட்ட சாயாவக் குடிச்சுட்டு வந்துதான் பூஜ்யம்னு எழுதுனேன்."

சுந்தரி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். முப்பத்தேழு பெயர்கள், வயது, கிடை கிடக்கும் இடம். அதிகாரி விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"இவர்கள் தீ மூட்டுவதுண்டா?"

"உண்டு மேடம். நரிக்கு."

அதை அவர் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார். "முதலில் கொடுத்த படிவம் தவறு என்று நீங்களே எழுதித் தர வேண்டும். உங்கள் நிறுவனம் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது என் கையில் இல்லை. தெரியும்தானே?"

"தெரியும் மேடம்" என்று சொல்லி எழுதிக் கொடுத்தாள். எழுத்து வழக்கம்போல வட்டமாகவே இருந்தது.

மாடிப்படியில் இறங்கும்போது பாஜிலா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை முன்னாலயே சொல்லிருக்கலாம்லாக்கா?"

"சொன்னா நீ வேண்டாம்னு கெஞ்சியிருப்ப. நீ கெஞ்சினா நான் நின்னுருப்பேன்."

பாஜிலா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறிப் போனாள்.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம் பாஜிலா வீட்டுக்கே வந்தாள். முகத்தைப் பார்த்ததும் இன்ன சேதி என்று சொல்ல முடியவில்லை. மேற்குப் பக்கத்தைப் பங்குனியில், கிடை கிடக்கும்போதே, மறுபடி எண்ண வேண்டும் என்று குழு சொல்லிவிட்டது. அதுவரை அனுமதி இல்லை. அபாயச் சங்கும் பாதையும் அந்தப் பக்கமும் வைக்கச் சொல்லி எழுதிவிட்டார்கள். எண்ணப் போகிறவர்கள் பட்டியலில் மட்டும் சுந்தரியின் பெயர் கிடையாது. இனி அந்த நிறுவனத்தின் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

"எனக்கும் விளக்கம் கேட்டு ஒரு கடுதாசி வந்துருக்கு" என்றாள் பாஜிலா. "அது கெடக்கு விடுங்க. ஒங்க தம்பிக்கு விசயம் தெரியுமா? சந்தோசப்பட்டாரா?"

"சந்தோசமா? நேத்துப் போன்ல திட்டோ திட்டுன்னு வஞ்சு தீத்துட்டான். நெலத்துக்காரர் பயந்துபோயி, அடுத்த வருசம் கிடை போட வேண்டாம்னுட்டாராம். இத்தன வருசமா ஒரு ஆபீசர் கண்ணுலயும் படாம நிம்மதியா கெடந்தோம், ஒன்னால கெட்டுதுன்னு கத்துதான். இனி ஒன் வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்னுட்டான்."

"நீங்க என்ன சொன்னிய?"

"ஒண்ணும் சொல்லல." சுந்தரி எழுந்து மறுநாளைக்கான கொசுப்புழுக் கணக்கெடுப்பு அட்டையை எடுத்துப் பையில் வைத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. குரல் மட்டும் உடையவில்லை. "வையட்டும் பாஜிலா. உசுரோட இருந்து வையட்டும்."